ஜூனாகத்துக்கு அரை நாள் போதுமா? உபர்கோட், கிர்னார், நவாப் ஊர் பற்றிய விவாத இழை

#1 வைகைக்கரை
மதுரையிலிருந்து ஐந்து பேர் டிசம்பர் கடைசி வாரம் குஜராத்தில் சோம்நாத் போகிறோம். டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்த திட்டத்தில் ஜூனாகத்துக்கு அரை நாள்தான்: உபர்கோட் கோட்டை, மக்பரா (நவாபின் அடக்கவிடம்), கிர்னார் மலை ரோப்வே, மத்தியானம் கிளம்பி சோம்நாத். அது சரிப்படுமா? அம்மாவுக்கு வயது 64, இரண்டு முழங்காலிலும் வலி. தம்பிக்கு கிர்னார் படி முழுக்க ஏறணும். அப்பாவுக்கு 1947-இல் அந்த சமஸ்தானம் இணைந்த வரலாற்றில் ஆர்வம். எல்லாருக்கும் சிங்கம் பார்க்கணும். எத்தனை நாள் ஒதுக்கலாம், எந்த வரிசையில் பார்க்கலாம், எங்கே சிக்கல் வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ராஜ்கோட்வாசி
அந்த அரை நாளை முதலில் அடித்துவிடுங்கள். ஜூனாகத்தில் இரண்டு இரவு, இரண்டு முழு நாள். சிங்கம் வேண்டுமென்றால் மூன்றாம் நாள் கிர் காட்டு ஊரான சாசனுக்கு.

ஊரின் அமைப்பு தெரிந்தால் காரணம் தானே புரியும். மேற்கே ரயில் நிலையம், நடுவே நவாப் கால நகரம், கிழக்கு ஓரத்தில் உபர்கோட் கோட்டை. கோட்டைக்கு அப்பால் ஒரே சாலை மலையை நோக்கிப் போகிறது. அதில் வரிசையாக அசோகர் பாறை, தாமோதர் குண்டம், கடைசியில் பவநாத். பவநாத்தில்தான் படியும் தொடங்குகிறது, ரோப்வே நிலையமும் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து பவநாத் ஆறேழு கிலோமீட்டருக்குள்தான். தூரம் ஒரு பிரச்னையே இல்லை, வரிசைதான் பிரச்னை. விடுமுறை வாரத்தில் ரோப்வேயில் ஏற ஒருமுறை, மேலிருந்து இறங்க ஒருமுறை என்று இரண்டு தடவை காத்திருக்கணும். அதற்கே ஒரு முற்பகல் போய்விடும். உபர்கோட்டை ஒழுங்காகப் பார்க்க மூன்று மணி நேரம். அரை நாள் திட்டத்தில் கோட்டை வாசலில் ஒரு படம், மக்பரா வாசலில் ஒரு படம், அவ்வளவுதான் மிஞ்சும்.

கிழமையையும் கவனியுங்கள். சக்கர்பாக் விலங்குக்காட்சி சாலைக்கு புதன்கிழமை விடுமுறை, சாசன் பக்கத்துத் தேவளியா சஃபாரிக்கும் புதன்தான். அரசு அருங்காட்சியகத்துக்கு புதனோடு இரண்டாம், நான்காம் சனிக்கிழமையும் விடுமுறை. ஆகவே உங்கள் பயணத்தில் புதன் வந்தால் அந்த நாளை கிர்னாருக்குக் கொடுங்கள்.

#3 தண்டவாளம்
மதுரையிலிருந்து என்றால் ராமேஸ்வரம்–ஓகா, தூத்துக்குடி–ஓகா இரண்டும் மதுரை வழியாகத்தான் போகின்றன. இரண்டும் வாரத்துக்கு ஒருமுறை. ராஜ்கோட்டில் இறங்கணும், ஜூனாகத் வரை இழுக்காதீர்கள், அந்த வண்டிகள் அந்தப் பக்கம் திரும்பாது, ஜாம்நகர் போய்விடும். ராஜ்கோட்–ஜூனாகத் சுமார் 100 கிலோமீட்டர். வேராவல் போகும் எந்த ரயிலும் ஜூனாகத்தில் நிற்கும், அரசு பஸ்ஸும் அடிக்கடி உண்டு. இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம்.

நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு திருவனந்தபுரம்–வேராவல் வாராந்திர ரயில் நேராக ஜூனாகத்திலேயே நிற்கும். கொங்கண் பாதை, மாறவேண்டியதில்லை.

விமானம் என்றால் சென்னை–அகமதாபாத் போய், அங்கிருந்து ரயில். சபர்மதி–வேராவல் வந்தே பாரத் 2025 மே மாதத்திலிருந்து ஓடுகிறது. விடிகாலையில் சபர்மதியில் கிளம்பி முற்பகலில் ஜூனாகத் வந்துவிடும், வியாழக்கிழமை கிடையாது. அதைப் பிடிக்க முந்தின இரவே அகமதாபாத்தில் தங்கணும். தங்க விருப்பமில்லை என்றால் இரவு ரயில் இருக்கிறது, காலையில் ஜூனாகத்தில் இறங்கலாம். காரில் 320 கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. பெரியவர்களோடு அதை ஒரே மூச்சில் செய்யாதீர்கள்.

#4 படியேறி
கிர்னார் பற்றி ரொம்பப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பத்தாயிரம் படி என்பது கீழே பவநாத்திலிருந்து தத்தாத்ரேயர் சிகரம் வரை உள்ள கணக்கு. முதல் 3,800 படி சுமாருக்கு சமணக் கோயில்கள். அங்கிருந்து இன்னும் ஆயிரம் சொச்சம் ஏறினால் அம்பாஜி அம்மன் கோயில், அதாவது மொத்தத்தில் ஏறக்குறைய பாதி. அதன் பிறகு வருவது கோரக்நாத் சிகரம், 1,117 மீட்டர், குஜராத்திலேயே உயரமான இடம். அங்கே முடிந்தது என்று நினைக்கக்கூடாது. கோரக்நாத்திலிருந்து நன்றாகக் கீழே இறங்கி, பிறகு செங்குத்தாக மேலேறினால்தான் தத்தாத்ரேயர். திரும்பும்போது அந்தப் பள்ளத்தை மறுபடி ஏறணும். கால் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். அம்பாஜி வரை தெம்பாக வந்தவர்கள் தத்தாத்ரேயரிலிருந்து திரும்பும் ஏற்றத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ரோப்வே 2020 அக்டோபரில் திறந்தது. நீளம் 2.3 கிலோமீட்டர், ஏழெட்டு நிமிடத்தில் அம்பாஜி பக்கத்தில் இறக்கிவிடும். பெரியவர்களுக்குப் போக வர 700 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும், ஒருவழி டிக்கெட்டும் உண்டு. ரோப்வே நிற்பது அம்பாஜியில். சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதரின் புகழ்பெற்ற கோயில் அதற்கு ஆயிரம் படி கீழே இருக்கிறது. ரோப்வேயில் போய் ரோப்வேயிலேயே திரும்புகிறவர்கள் கிர்னாரின் சிற்பக்கலை முழுவதையும் பார்க்காமல் வந்துவிடுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டு நேமிநாதர் கோயில், பக்கத்திலேயே வஸ்துபாலன், தேஜபாலன் சகோதரர்கள் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய மூன்று கருவறைக் கோயில், எல்லாம் அந்த ஒரே தட்டில் இருக்கின்றன. அபு மலையில் தில்வாராவில் பளிங்குக் கோயில் எழுப்பிய அதே சகோதரர்கள்தான்.

தம்பிக்கு என் யோசனை: ஏறுவது நடந்து, இறங்குவது ரோப்வே. காலை நாலரைக்குப் படியில் கால் வைத்தால் ஏழு, ஏழரைக்கு சமணக் கோயில்கள், எட்டரைக்கு அம்பாஜி. ஏறும் பாதை மலையின் மேற்குப் பக்கம் என்பதால் காலை வெயிலை மலையே மறைத்துக்கொள்ளும். தாமதமாகத் தொடங்கினால் அந்த நிழல் கிடைக்காது. தத்தாத்ரேயர் போய்வர அம்பாஜியிலிருந்து மூன்று, மூன்றரை மணி நேரம். பிறகு ஒருவழி டிக்கெட்டில் இறங்கிவிடலாம். படி இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும், மூச்சு வாங்குவது ஏற்றத்தில் என்றாலும் மறுநாள் நடக்கமுடியாமல் செய்வது இறக்கம்.

ஆனால் காற்று. கிர்னார் சமவெளியில் தனித்து நிற்கும் மலை, மேலே காற்று வேகம் கூடினால் ரோப்வேயை நிறுத்திவிடுவார்கள். மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கும், டிசம்பர் ஜனவரியிலும் வாடைக்காற்று வீசும் நாட்களில் நடக்கும். எந்த மணிக்கு மறுபடி ஓடும் என்று யாராலும் சொல்லமுடியாது. ஆகவே ரோப்வேயில் இறங்கலாம் என்று நம்பிப் போகிறவரும் நடந்து இறங்கத் தெம்பும் தண்ணீரும் ஒரு டார்ச்சும் வைத்திருக்கணும். கிர்னாரை முதல் நாளிலேயே வையுங்கள், காற்றால் தவறினால் இரண்டாம் நாள் கையில் இருக்கும்.

எடுத்துப்போக வேண்டியவை குறைவு. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை, எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ஒரு லிட்டர். உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் இரண்டு. கீழே தடி வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள், இறக்கத்தில் அதன் அருமை தெரியும். சில்லறை நோட்டு வையுங்கள், மேலே சிக்னல் போய்ப்போய் வரும் என்பதால் ஃபோனில் பணம் கட்டுவதை நம்பமுடியாது. சமணக் கோயில்களுக்குள் தோல் பொருள் கூடாது, பெல்ட்டும் பர்ஸும் அதில் சேரும்.

#5 வைகைக்கரை
படியேறி அண்ணே, ரொம்ப நன்றி. அம்மாவுக்கு நேமிநாதர் கோயிலும் பார்க்கணும். ரோப்வேயில் போய் அந்த ஆயிரம் படி இறங்கினால் போதாதா?

#6 படியேறி
இறங்கலாம், பிறகு? அங்கிருந்து ஒன்று ஆயிரம் படி திரும்ப ஏறணும், அல்லது 3,800 படி இறங்கணும். வலிக்கும் முழங்காலுக்கு இரண்டும் ஆகாது. அம்மாவுக்கு டோலிதான் வழி. கீழே பவநாத்தில் ஆளை எடைபோட்டு, எடைக்கும் போகும் இடத்துக்கும் தகுந்தாற்போல் கூலி சொல்வார்கள். சமணக் கோயில் வரை போய்த் திரும்ப என்று முதலிலேயே தெளிவாகப் பேசி, காத்திருக்கும் நேரமும் அதில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வழியில் தகராறு வருவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புக் கணக்கில்தான். தூக்குகிறவர்களுக்கு அது உயிரைக் கொடுத்துச் செய்யும் வேலை, கூலியை ரொம்ப இழுத்துப் பேசாதீர்கள்.

கோயில் வேண்டாம், மலைமேல் ஒரு தரிசனம் போதும் என்றால் ரோப்வேயும் அம்பாஜியும் போதும். மேல் நிலையத்திலிருந்து அம்பாஜிக்கு சில படிகள்தான்.

தத்தாத்ரேயர் சிகரம் பற்றி ஒன்று. அங்குள்ள பாதச்சுவடு இந்துக்களுக்கு தத்தாத்ரேயருடையது, சமணர்களுக்கு நேமிநாதர் முக்தி அடைந்த இடம். இரு தரப்புக்கும் நெடுநாள் வழக்கு. இடமோ மிகச் சிறியது. கும்பிட்டுவிட்டு, அங்கே நின்று பேச்சு வளர்க்காமல் வந்துவிடுவது நல்லது.

#7 கானகம்
படியேறி சொன்ன நாலரை மணியில் எனக்கு ஒப்புதல் இல்லை. கிர்னார் 2008-லிருந்து வனவிலங்கு சரணாலயம். சிறுத்தை நிறைய, சிங்கமும் உண்டு, அவ்வப்போது படிக்கட்டிலேயே காணப்படுகின்றன. டிசம்பரில் அங்கே விடிவதே ஏழு மணிக்கு மேல், நம் ஊர்க் கணக்கில் விடியலை எண்ணக்கூடாது. விடியுமுன் ஏறுவதென்றால் கூட்டத்தோடு ஏறணும், தனியாக முன்னே ஓடக்கூடாது. ஆள் இல்லையென்றால் ஐந்தரைக்குத் தொடங்கினாலும் மேற்குச் சரிவின் நிழல் போதிய அளவு கிடைக்கும்.

சிங்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜூனாகத்திலிருந்து சாசன் கிர் அறுபது கிலோமீட்டர், மேந்தர்டா வழியாக ஒன்றரை மணி நேரம். அங்கே இரண்டு விதம். ஒன்று காட்டுக்குள் ஜீப் சஃபாரி, ஒரு வண்டிக்கு ஆறு பேர் வரை. அனுமதியை முன்கூட்டியே இணையத்தில்தான் எடுக்கணும். அனுமதிக் கட்டணம் இணையத்தில், ஜீப் வாடகையும் வழிகாட்டி கூலியும் தனியாக அங்கே. பதிவு செய்தவர்கள் அனைவரின் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கணும், அசல் அட்டையைக் கையில் கொண்டுபோகணும். அரசுத் தளம் கிர்லயன் டாட் குஜராத் டாட் ஜிஓவி டாட் இன் ஒன்றுதான். தேடுபொறியில் மேலே வரும் மற்ற தளங்கள் தரகர்களுடையவை, பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஏராளம். டிசம்பர் கடைசி வாரத்துக்கு இடம் மிக வேகமாகத் தீரும், ரயில் டிக்கெட் எடுத்த கையோடு இதையும் பாருங்கள்.

இன்னொன்று தேவளியா. வேலி போட்ட 400 ஹெக்டேர் சொச்சம் காடு, பஸ்ஸிலும் ஜீப்பிலும் காட்டுவார்கள். சிங்கம் கிட்டத்தட்ட நிச்சயம். பெரியவர்களுக்கு இதுவே சௌகரியம். ஜீப் சஃபாரி ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மூடியிருக்கும், தேவளியா அப்போதும் திறந்திருக்கும்.

சாசனில் இடம் கிடைக்காவிட்டால் ஜூனாகத்திலிருந்தே கிர்னார் சஃபாரி இருக்கிறது, இந்திரேஷ்வர் பக்கத்து வாசல் வழியாக, 2021-இல் தொடங்கியது. சிங்கம் கண்ணில் படும் வாய்ப்பு சாசனைவிடக் குறைவு, காடு அருமை.

#8 ராஜ்கோட்வாசி
கானகம் சொன்னதை வைத்துத் தங்குமிடத்தை முடிவு செய்யுங்கள். விடியுமுன் ஏறுவதென்றால் பவநாத்தில் தங்கணும், தர்மசாலைகள் வரிசையாக இருக்கின்றன, எளிமையானவை, இரவு பத்து வாக்கில் வாசலைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஊரில் கால்வா சௌக், பஸ் நிலையம் பக்கம் லாட்ஜுகளும் ஓட்டல்களும். அம்மாவுக்கு லிஃப்ட் உள்ள ஓட்டல் ஊருக்குள்தான் கிடைக்கும்.

மூன்று காலங்களைத் தவிர்க்கணும். தீபாவளியை அடுத்து வரும் வளர்பிறையில் (வடக்கே அது கார்த்திக மாதம்) ஏகாதசியிலிருந்து பௌர்ணமி வரை லீலி பரிக்ரமா, மலையைச் சுற்றி 36 கிலோமீட்டர் நடை, லட்சக்கணக்கில் கூட்டம். மகாசிவராத்திரியை ஒட்டி பவநாத் மேளா, நாகா சாதுக்கள் நள்ளிரவில் ஊர்வலமாக வந்து மிருகி குண்டத்தில் நீராடுவார்கள். அதைப் பார்க்கவே வருவதென்றால் வாருங்கள், கோட்டை பார்க்க வருவதென்றால் வேண்டாம். பவநாத் சாலையில் வண்டியே விடமாட்டார்கள். மூன்றாவது தீபாவளி விடுமுறை, குஜராத் முழுக்கப் பயணம் கிளம்பும் நேரம்.

ஜனவரி தொடக்கத்தில் கிர்னார் ஏறும் போட்டி நடக்கும் அன்று காலை படிக்கட்டு போட்டியாளர்களுக்குத்தான். ஜனவரி 14, 15 பட்டம் விடும் நாட்கள், ஆட்டோவிலும் பைக்கிலும் போகும்போது மாஞ்சா நூல் கழுத்தில் படாமல் பார்த்துக்கொள்ளணும்.

#9 பிராமி
அசோகர் பாறையை எல்லாரும் பத்து நிமிடத்தில் தாண்டிப் போகிறார்கள். தமிழர்கள் அங்கே அரை மணியாவது நிற்கணும் என்று நான் மன்றாடிக் கேட்பேன்.

உபர்கோட்டிலிருந்து பவநாத் போகும் வழியில் சாலையோரக் கட்டடத்துக்குள் ஒரு பெரிய கருங்கல் பாறை. அதில் மூன்று காலத்து எழுத்துகள். ஒருபுறம் அசோகரின் பதினான்கு பாறைக் கட்டளைகள், கி.மு. 3ஆம் நூற்றாண்டு, பிராகிருதம், பிராமி எழுத்து. உச்சிப் பகுதியில் சகர் மன்னன் ருத்ரதாமனின் கல்வெட்டு, கி.பி. 150 சுமார், நீண்ட சமஸ்கிருத உரைநடைக் கல்வெட்டுகளில் மிகப் பழையது. இன்னொரு பக்கம் ஸ்கந்தகுப்தர் காலம், 5ஆம் நூற்றாண்டு.

இரண்டாம் கட்டளையைக் கண்டுபிடியுங்கள். மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவம் செய்ததை, மூலிகை நட்டதை, வழியில் கிணறு தோண்டியதைச் சொல்லும் கட்டளை அது. தன் ஆட்சிக்கு அப்பாற்பட்ட எல்லை நாடுகளிலும் இது செய்யப்பட்டதாகச் சொல்லி, அந்த நாடுகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார்: சோடா, பாடா, சதியபுதோ, கேதலபுதோ, தம்பபம்ணி வரை. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், சேரர், இலங்கை. இந்த சதியபுதோ யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் தேடினார்கள். விடை நம் பக்கத்தில்தான் இருந்தது. ஜம்பை மலையில் 1981-இல் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு 'ஸதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி' என்கிறது. ஔவையார் பாடிய தகடூர் அதியமான்.

ருத்ரதாமன் கல்வெட்டு முழுக்க ஓர் ஏரியின் கதை. சந்திரகுப்த மௌரியரின் மாகாண அதிகாரி புஷ்யகுப்தன் கட்டிய சுதர்சன ஏரி, அசோகர் காலத்தில் துஷாஸ்பன் என்ற யவன அரசன் வாய்க்கால் அமைத்தான், பிறகு ஒரு பெருமழையில் கரை உடைந்தது. உடைப்பின் அளவே எழுதியிருக்கிறது: 420 முழ நீளம், 420 முழ அகலம், 75 முழ ஆழம். அமைச்சர்கள் ஆகாத காரியம் என்று கைவிட்டதை சுவிசாகன் என்ற அதிகாரி கட்டி முடித்தான். மக்களிடம் கூடுதல் வரியோ கூலியில்லா வேலையோ வாங்காமல் தன் கருவூலத்திலிருந்து செலவழித்ததாக மன்னன் பெருமைப்படுகிறான். முந்நூறு ஆண்டு கழித்து 455–56-இல் மறுபடி உடைப்பு, சக்கரபாலிதன் அடைத்ததை ஸ்கந்தகுப்தர் கல்வெட்டு சொல்கிறது. ஒரே ஏரியின் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு வரலாறு ஒரே கல்லில்! ஏரிப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு இதைவிட நெருக்கமான கல் வேறு எங்கே?

போகும் முன் இரண்டாம் கட்டளையின் பிராமி வரிகளைப் படமாக ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெளிச்சம் குறைவு, எழுத்து ஆழமில்லை, கையில் மாதிரி இல்லாமல் தேடினால் கிடைக்காது. கல்லைத் தொடவோ அதன்மேல் தண்ணீர் தெளித்துப் படமெடுக்கவோ கூடாது.

#10 கோட்டைவாசல்
உபர்கோட் பல ஆண்டு மூடியிருந்து, சீரமைப்புக்குப் பிறகு 2023 செப்டம்பரில் திறந்தது. பழைய பயணக் குறிப்புகளில் உள்ள கட்டணமும் பாதையும் இப்போது பொருந்தாது. உள்ளே நிறைய நடக்கணும், நிழல் குறைவு. திறந்தவுடன் உள்ளே போய்ப் பத்தரைக்குள் வெளியே வந்துவிடுவது உத்தமம்.

அந்த ஊரில் ஒரு பழமொழி: ஆதி கடி வாவையும் (படிக்கிணறு) நவகண் கூவாவையும் (கிணறு) பார்க்காதவன் உயிரோடிருந்தும் செத்தவன். இரண்டும் கோட்டைக்குள்தான், இரண்டும் குடைந்தவை. மற்ற குஜராத் படிக்கிணறுகள் பள்ளம் தோண்டி உள்ளே கல் அடுக்கிக் கட்டியவை, ஆதி கடி வாவில் கட்டுமானமே கிடையாது. பாறையை வெட்டிக்கொண்டே இறங்கிய நெடிய, ஒடுங்கிய படிவழி. இருபுறமும் பாறையின் படிவுகள் அலை அலையாகத் தெரியும். நூற்றைம்பது படிக்கு மேல், கைப்பிடி இல்லாத இடங்களில் பாசி வழுக்கும். நவகண் கூவா 52 மீட்டர் ஆழம், கிணற்றைச் சுற்றிப் பாறைக்குள்ளேயே படி சுற்றி இறங்குகிறது, இடையிடையே திறப்புகள் வழியாக வெளிச்சமும் காற்றும். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டையும் மேலிருந்தே பார்த்துவிடலாம், ஆழம் மேலிருந்தே தெரியும்.

பௌத்தக் குகைகள் கோட்டைக்குள் இருந்தாலும் தொல்லியல் துறைக்குத் தனி டிக்கெட். மூன்று தட்டு, செதுக்கிய தூண்கள், கண்டிப்பாகப் பாருங்கள். மேல் மதிலில் நீலம் பீரங்கி: எகிப்தில் 1531-இல் வார்த்தது, 1538-இல் போர்த்துகீசியரை எதிர்க்க உதுமானியக் கப்பற்படை டையூ தீவுக்குக் கொண்டுவந்து விட்டுப்போனது, பிறகு இங்கே வந்தது. ஜாமி மசூதி ராணக்தேவியின் அரண்மனை என்றும் சொல்லப்படும், குஜராத் சுல்தான் மஹ்மூத் பேகடா இந்தக் கோட்டையைப் பிடித்தபின் மாற்றியது. அதன் தூண் மண்டபத்தில் நின்றால் பழைய கட்டடத்தின் கற்கள் கண்ணுக்குத் தெரியும்.

மக்பராவுக்குக் காலை ஏழு மணி. அது நெரிசலான எம்.ஜி. சாலையில், எட்டுக்கு மேல் முன்னால் வண்டிகள் அடைத்துவிடும். மஹபத் மக்பரா 1878-இல் தொடங்கி 1892-இல் முடிந்தது, இரண்டாம் மஹபத் கானின் அடக்கவிடம். பக்கத்தில் வசீர் பஹாவுத்தீனின் மக்பரா, நான்கு மினார்களிலும் வெளிப்புறமாகச் சுற்றிப்போகும் படி. இரண்டும் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்ப்பதற்குத்தான், உள்ளே பூட்டியிருந்தால் ஏமாறவேண்டாம். ஜன்னல்களின் பிரெஞ்சு பாணியையும் வளைவுகளையும் நிதானமாகச் சுற்றிவந்து பாருங்கள்.

#11 சமஸ்தானம்
அப்பாவுக்காக. பாபி வம்சத்து நவாப் மூன்றாம் மஹபத் கான் 1947 ஆகஸ்டில் பாகிஸ்தானோடு சேர்வதாக அறிவித்தார், செப்டம்பரில் பாகிஸ்தான் ஏற்றது. குடிகளில் நூற்றுக்கு எண்பது பேர் இந்துக்கள், சுற்றிலும் இந்தியாவோடு இணைந்த சமஸ்தானங்கள், பாகிஸ்தானோடு தரைவழித் தொடர்பே கிடையாது, வேராவல் துறைமுகம் வழியாகக் கடல்தான். திவான் ஷா நவாஸ் பூட்டோ, பின்னாளில் பாகிஸ்தான் பிரதமரான சுல்ஃபிகர் அலி பூட்டோவின் தந்தை. செப்டம்பர் 25 அன்று பம்பாயில் சாமள்தாஸ் காந்தி தலைமையில் ஆர்சி ஹுகுமத் என்ற மக்கள் அரசு அமைந்தது. அக்டோபர் கடைசியில் நவாப் கேஷோதிலிருந்து விமானத்தில் கராச்சி போனார். கருவூலம் காலி, தானியம் வரத்து நின்றது, பூட்டோவே இந்திய அரசை அழைத்தார். நவம்பர் 9 அன்று இந்தியா பொறுப்பேற்றது. 1948 பிப்ரவரி 20 வாக்கெடுப்பில் பதிவான 1,90,870 வாக்குகளில் பாகிஸ்தானுக்கு விழுந்தவை 91.

எதைப் பார்ப்பது? 1947 நவம்பர் 13 அன்று வல்லபாய் படேல் பேசிய பஹாவுத்தீன் கல்லூரி இன்னும் நடக்கும் கல்லூரி. வாசலில் அனுமதி கேட்டு, வகுப்பு நேரம் பார்த்துப் போகணும். நவாப்களின் சிம்மாசனம், பல்லக்கு, ஆயுதங்கள் தர்பார் மண்டப அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கின்றன.

வழிகாட்டிகள் நவாபின் நாய்களைப் பற்றி, நாய்க்குக் கல்யாணம் செய்ததைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். நாய்களின் எண்ணிக்கை ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொன்று. சிங்கத்தைப் பற்றிக் கேளுங்கள். மற்ற இடங்களிலெல்லாம் ஆசியச் சிங்கம் சுட்டுத் தீர்க்கப்பட்ட காலத்தில், கிர் காட்டில் மிஞ்சிய சொற்பத்தைக் காத்தது ஜூனாகத் நவாப்களின் வேட்டைத் தடைதான். 2025 கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள். அந்த வம்சத்தின் கடைசி முடிவை நாம் ஏற்காவிட்டாலும் இந்தக் கடன் பெரிது.

#12 அடுப்படி
சாப்பாடு முழுக்க காட்டியாவாடி, அதாவது சௌராஷ்டிரப் பகுதிச் சமையல். அகமதாபாத், சூரத் போலப் பருப்பில் வெல்லம் தூக்கலாக இருக்காது, பூண்டும் மிளகாயும்தான். காலையில் காட்டியா, கூடவே பப்பாளித் துருவல் சம்பாரோ, பொரித்த மிளகாய். அது கடலைமாவு, எண்ணெய்ப் பண்டம், மலையேறும் நாளில் வேண்டாம். மத்தியானம் கம்பு ரொட்லோ, சுட்ட கத்தரிக்காயில் செய்த ஓலோ, வெண்ணெய், வெல்லம், மோர். டிசம்பர்தான் ஓலோவுக்குச் சரியான பருவம். நம்ம வீட்டுக் கம்பு தெரிந்தவர்களுக்கு ரொட்லோ சட்டென்று பிடிக்கும், ஆனால் ஆறினால் விறைத்துவிடும், தட்டில் விழுந்தவுடன் வெண்ணெய் தடவிச் சாப்பிடணும். ராத்திரிக்குக் கிச்சடியும் 'கடி' என்ற மோர்க்குழம்பும் கேளுங்கள், பெரியவர்கள் வயிற்றுக்கு இதமானது. குளிர்கால மாலைகளில் தெருவில் காவோ விற்பார்கள், சுக்கும் மசாலாவும் போட்டுக் கொதிக்கவைத்த காரமான கஷாயம், அதை விடவேண்டாம்.

கேசர் மாம்பழம் டிசம்பரில் கிடையாது, கூழ் டப்பாதான். 1934-இல் நவாப் பெயர் வைத்த அந்தப் பழத்துக்கு மே மாதம் தலாலா சந்தை. மே மாதத்தில் கிர்னார் ஏற முடியாது, இரண்டில் ஒன்றுதான்.

#13 வைகைக்கரை
எல்லாருக்கும் நன்றி. இரண்டு இரவு ஜூனாகத், ஒரு நாள் சாசன், பிறகு சோம்நாத் என்று மாற்றிவிட்டோம். கடைசியாக ஒன்று: சாசனிலிருந்து நேராக சோம்நாத் போகலாமா, ஜூனாகத் திரும்பணுமா? மூட்டை முடிச்சு என்ன செய்வது?

#14 தண்டவாளம்
திரும்பவேண்டியதே இல்லை. காலையில் பெட்டிகளோடு டாக்சியில் கிளம்பி, சஃபாரி முடியும் வரை வண்டியைக் காத்திருக்கச் சொல்லி, தலாலா வழியாக சோம்நாத் போய்விடுங்கள். சாசனிலிருந்து நாற்பது சொச்சம் கிலோமீட்டர். பேசும்போதே ஜூனாகத்–சாசன்–சோம்நாத் ஒருவழி என்று சொல்லி, ஓட்டுநர் காலியாகத் திரும்பும் கூலி சேர்த்தா இல்லையா என்று கேட்டுவிடணும். பெட்டியைப் பூட்டி டிக்கியில் வையுங்கள், சஃபாரி ஜீப்பில் கைப்பைக்குத்தான் இடம்.

சோம்நாத் கோயிலுக்குள் ஃபோன், கேமரா, தோல் பொருள் எதுவும் கூடாது. வாசலில் இலவசமாக ஒப்படைக்கும் கவுன்டர் இருக்கிறது, மாலை ஆரத்திக்கு முன் அங்கே நீண்ட வரிசை நிற்கும். ஐந்து பேர் ஃபோனையும் ஓட்டல் அறையிலேயே வைத்துவிட்டு, டிரைவர் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அந்த வரிசை மிச்சம்.